மேலேருந்து விழுந்த ஆறு பேரு

இந்த டெக்ஸாஸ்ல ஒரு வருஷம் பனி கொட்டி, கரண்ட் போயி, வீட்டுக்கு வீடு குழாய் வெடிச்சுதே, ஞாபகம் இருக்குதுங்களா அம்மணி? எங்க மருமக பாத்டப்ல தண்ணி புடிச்சு வெச்சு நாலு நாள் ஓட்டினா. அதுக்கு மூணாவது வருஷந்தான் நான் அந்தப் பிளேனைப் பார்த்தது. என்ன வருஷம்னு நம்பரா கேட்டீங்கன்னா சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவன். லாரி ஓட்டிப் பொழைச்சவன். வயசானவங்க கதையைச் சேர்க்கறேன்னு வந்திருக்கீங்க, நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணிக்குங்க.

ஒரு சனிக்கிழமை பையன் சொன்னான், "எந்நேரமும் டிவியவே பார்த்துட்டு இருக்கீங்கப்பா, வாங்க, ஒரு டிரைவ் போலாம்"னு. நாங்க இருக்கற பிளானோ ஊர்ல டோல்வே ரோடு ஏறி முக்கா மணி நேரம். இங்க லாரிக்காரன் எவனும் ஹார்ன் அடிக்கறதில்லீங்க. நாப்பது வருஷம் ஹார்ன் அடிச்சே போனவனுக்கு, ஊரே நம்மகூடப் பேச்சை நிறுத்திட்ட மாதிரி இருக்கும். சரி, அது கெடக்கட்டும்.

போன இடம் சின்ன ஏர்போர்ட்டு. ஒரு பெரிய ஷெட்டு. உள்ளே அந்தக் காலத்து யுத்தத்துல குண்டு போட்ட பிளேனு ஒண்ணு நிக்குது, வயிறு பருத்த எருமையாட்டம். நான் பக்கத்துல போயி தகட்டைத் தடவுனேன். வரிசையா ரிவிட் அடிச்ச தகடு.

"அப்பா, தொடாதீங்க. மியூசியம் இது."

"தொட்டா என்னடா? நம்மூட்டு மாட்டுத் தொட்டி இதே தகடுதான்."

"ஆமா, நம்ம எருமை பாம்பர்லதான் தண்ணி குடிச்சுது. சும்மா வாங்கப்பா."

விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைச்சான். நெசமாத்தான் குடிச்சுது. அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே அந்தத் தொட்டி ஓட்டையாயி பழைய இரும்புக்காரன்கிட்டப் போயிருச்சு. நானும் அவன்கிட்ட இதெல்லாம் சொன்னதில்லை. சாப்பிட்டியா, வண்டி சர்வீஸ் விட்டியா, அவ்வளவுதான் நாங்க பேசறது.

சொல்றேன். எனக்கு அப்ப ஆறேழு வயசு இருக்கும். எங்கூருக்கு மேக்கால மலை. ஒரு நாள் வெடிகாலம், மப்பும் மந்தாரமுமா இருக்கறப்ப, மலைமேல டமார்னு ஒரு சத்தம். மறுநா ஆம்பளைங்க ஏறிப் போனாங்க. எங்கய்யன், அதாவது எங்கப்பா, அவரும் போனாரு. பிளேன் மரத்துல மோதி ரெண்டாக் கெடந்துதாம். ஆறு பேரு. ஒருத்தருக்கும் உசுரு இல்லை. மூங்கில்ல கட்டிக் கீழ பவானி ஆத்தங்கரைக்குக் கொண்டாந்து சேர்க்கவே ரெண்டு நாளாச்சு. நான் பாறைமேல உக்காந்து பார்த்தேன். ஒருத்தருக்குத் தலைமுடி சோளக்கருது நாராட்டம் இருந்துது. இன்னொருத்தருக்கு ஒரு கால்லதான் பூட்ஸு.

போலீசுக்கு ஆள் அனுப்புனாங்க, அவன் பயந்துக்கிட்டுப் பாதியிலயே திரும்பிட்டான். வெயில். எத்தனை நாளைக்கு வெச்சிருக்கறது? ஊர்ப் பெரியவங்க கூடி, எரிச்சிரலாம்னு முடிவு பண்ணாங்க. வெள்ளைக்காரங்க புதைப்பாங்கன்னு அங்க யாருக்குத் தெரியும்? ஆனா கொள்ளி வெக்க மகன் வேணுமே. கோடித்துணி போட உறவு வேணுமே. எங்கய்யன்தான், "நான் வெக்கறேன்"னாரு. மொட்டை அடிச்சுக்கிட்டாரு. பிளேன்லேருந்து குடைத்துணி எடுத்தாந்திருந்தாங்க, அதான் பாராசூட்டு, வெள்ளைப் பட்டு. பொம்பளைங்க ரவிக்கைக்காகும்னு ஆளுக்கொரு மூலையப் புடிச்சு இழுத்துட்டிருந்தாங்க. எங்கய்யன் அதைப் புடுங்கி ஆறாக் கிழிச்சு ஆறு பேருக்கும் கோடி போட்டாரு. எங்கம்மா ஒரு வாரம் அவர்கூடப் பேசலை.

இன்னொண்ணு. ஆறு பேரு கழுத்துலயும் ரெண்டு ரெண்டு தகடு, சின்னதா, சங்கிலியில கோத்து. அவங்க சாமியோட தாயத்துன்னு எங்காளுங்க நெனைச்சுக்கிட்டாங்க. செத்தவன் தாயத்தை வீட்ல வெக்கக் கூடாது. அதனால சாம்பல் கரைக்கறப்ப அதையும் சேர்த்து ஆத்துல போட்டுட்டாங்க. பேரு, நம்பரு எல்லாம் அதுலதான் இருக்கும்னு நான் தெரிஞ்சுக்கிட்டது இந்த ஷெட்டுலதாங்க, எம்பது வயசுக்கு மேல.

அப்புறம் மிலிட்டரி ஜீப்பு வந்துது. பிளேன் ஒண்ணு காணோம், ஆளுங்க யாரையாச்சும் பார்த்தீங்களான்னு கேட்டாங்க. பிளேன்லேருந்து பிச்சுட்டு வந்த தகடு வீட்டுக்கு வீடு இருக்குது, தொட்டதுக்கே ஜெயில்ல போட்ருவாங்கன்னு பயம். "நாங்க எதையும் யாரையும் பார்க்கலீங்க துரை"ன்னு ஊரே சொல்லிருச்சு. எங்கய்யனும்தான். மொட்டைத் தலையோட நின்னுக்கிட்டுச் சொன்னாரு.

இப்ப ஷெட்டுக்கு வாரேன். அங்க ஒரு மேசை போட்டு, போட்டோவெல்லாம் பரப்பி வெச்சுக்கிட்டு ஒரு வெள்ளைக்காரம்மா உக்காந்திருந்தாங்க. என்னைவிட ரெண்டு மூணு வயசு மூத்தவங்களா இருக்கும். அவங்க அண்ணன் அந்த மாதிரிப் பிளேன்ல போனவரு. பெங்களூர்ல ரிப்பேர் பார்த்துட்டு சிலோனுக்குக் கிளம்புன பிளேனு, போய்ச் சேரவே இல்லையாம். மலையா, கடலா, ஒண்ணும் தெரியாது. அப்பா அம்மா சமாதிக்கு நடுவால அண்ணனுக்குன்னு ஒரு குழி இடம் இன்னும் காலியா வெச்சிருக்காங்களாம். இதெல்லாம் பையன்தான் கேட்டுச் சொன்னான்.

"எத்தனை பேருடா போனாங்க? கேளு."

"ஆறு பேராம்பா."

அப்புறம் அந்த மேசையோரமா நின்னு நான் எல்லாத்தையும் சொன்னேன். பையன் கேக்கக் கேக்க மூஞ்சி மாறிப்போச்சு. அவனுக்கும் அன்னைக்குத்தான் தெரியும். அந்தம்மாவோட அண்ணன் பிளேன்தான் அதுன்னு நான் சத்தியம் பண்ணலை. எத்தனையோ பிளேன் விழுந்திருக்கும். அதையும் சொல்லச் சொன்னேன்.

பையன் இங்கிலீஷ்ல சொன்னான். கொஞ்ச நேரத்துல முடிச்சுட்டான். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனா ஃபயர்னா நெருப்புன்னு தெரியும். ஃபயர் சர்வீஸ் வண்டின்னு சொல்லுவோமில்ல. அந்த வார்த்தை வருதா வருதான்னு பார்த்துட்டே இருந்தேன். வரலை. அந்தம்மா எந்திரிச்சு, ரெண்டு கையையும் சேர்த்து மண்ணைத் தோண்டற மாதிரி காட்டிக் கேட்டாங்க. பையன் ஆமான்னு தலையாட்டுனான். அந்தம்மா அப்படியே மேசைமேல தலையை வெச்சுக்கிட்டாங்க.

கார்ல கேட்டேன். "என்னடா சொன்னே?"

"புதைச்சாங்கன்னு சொன்னேன்."

"ஏன்டா?"

"தொண்ணூறு வயசு அம்மாகிட்டப் போயி, உங்கண்ணனை விறகு வெச்சு எரிச்சு ஆத்துல விட்டாங்கன்னு எந்த வாயில சொல்றது? அவங்க பழைய ஆளுங்கப்பா, தப்பா எடுத்துக்குவாங்க."

"மொட்டை அடிச்சதைச் சொன்னியா? பட்டுத் துணியச் சொன்னியா?"

"அதெல்லாம் எக்ஸ்ப்ளெயின் பண்ண முடியாதுப்பா."

அதோட போச்சுன்னு இருந்தான். போகலை. அந்தம்மா ஈமெயில் மேல ஈமெயில். ஒரு நாள் மருமக வந்து, "மாமா, சட்டையப் போடுங்க, உங்க ஃப்ரெண்டு ஜூம்ல வர்றாங்க"ன்னா. போய்ப் பார்த்தா, அந்தம்மா எங்கூர் மலையோட மேப்பைப் பெருசா காட்டி, குழி எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. எலும்பு தோண்டற ஆளுங்களைப் புடிச்சுட்டாங்களாம். வர்ற ஜனவரில போறாங்களாம். தானும் வருவேங்கறாங்க, வாக்கரை வெச்சுக்கிட்டு. பையன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் மேப்புல கையை வெக்காம உக்காந்திருந்தேன்.

அதுக்கப்புறம் மூணு தடவை அவன்கிட்டச் சொல்லிட்டேன். "இப்பப் போயி எப்படிப்பா மாத்திச் சொல்றது"ங்கறான். கெட்டவன் இல்லீங்க. பயந்துட்டான். எங்கய்யனும் அன்னைக்கு அப்படித்தான்.

எங்கய்யன் இருந்த வரைக்கும் ஆடி அமாவாசைக்குப் பவானி ஆத்துக் கூடுதுறையில நம்ம ஆளுங்களுக்கு எள்ளுந்தண்ணி விட்டப்புறம், தனியா ஆறு கை விடுவாரு. பேரு தெரியாது, "மேலேருந்து விழுந்தவங்களுக்கு"ன்னு சொல்லி விடுவாரு. அவருக்கப்புறம் நான். இங்க வந்து ஆறு எங்க இருக்குது? பேக்யார்டுல பைப்பத் திறந்து விட்டுத்தான் விடறேன். "கொஞ்சம் தண்ணி போதாதாப்பா, லான் புல்லு அழுகிப் போயிரும்"னு பையன் சத்தம் போடுவான்.

அம்மணி, நீங்க இதை இங்கிலீஷ்லயும் போடுவேன்னீங்க. அது எப்பவோ வரட்டும். அந்தம்மா மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை அந்த மேசையில இருப்பாங்க. ஜனவரிக்கு முன்னாடி போயி நேர்ல சொல்லிருங்க. குழி இல்லை, எலும்பும் இல்லை, தோண்ட வேண்டாம். நெருப்புத்தான், அந்த வார்த்தையச் சொல்லுங்க, விட்றாதீங்க. வெள்ளைப் பட்டுல கோடி போட்டு, ஒரு ஆளு மொட்டை அடிச்சுக் கொள்ளி வெச்சாருன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டா என்மேல கோவிச்சுக்கட்டும். அப்படியே அண்ணன் பேரைக் கேட்டுட்டு வாங்க. அடுத்த ஆடிக்கு ஒரு கை தண்ணியாவது பேர் சொல்லி விடறேன். அவரு அந்த ஆறு பேர்ல இல்லாம வேற யாரோவா இருந்தாலும் பரவாயில்லை.