ராமநாதனின் துப்பாக்கியை அவருக்கே விற்றேன்

எண்பதுகளின் இறுதியில் ஃப்ரீமான்ட்டில் இருந்தேன். டெக்சாஸுக்கு மாற்றலாகிப் போன நண்பர் ராமநாதன், மனைவிக்குத் தெரியாமல் வைத்திருந்த துப்பாக்கியை என் தலையில் கட்டினார். பிடிக்காவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்கு வேறு. கரப்பானைக் கண்டால் கட்டிலில் ஏறும் நான், ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

சுத்தம் செய்யத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். குங்குமத்தை ரத்தமோ என்று பார்த்த கடைக்காரர், "இந்த ரகத் துப்பாக்கிக்கு இந்த மாநிலத்தில் அடுத்த மாதம் முதல் தடை, பதிவு செய்யாமல் வைத்திருந்தால் வழக்கு" என்றார். நானோ குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன்; வழக்கு வந்தால் அது போச்சு.

ராமநாதனுக்குப் போன் செய்தேன்.

"தெரியும்யா! முன்னாடியே சொன்னா நீர் வாங்கியிருப்பீரா?" என்று சிரித்தார். "இங்க தடை இல்ல, அனுப்பும்; காசைத் திருப்பித் தர்றேன். என் வீட்டுல மட்டும் சொல்லிடாதேயும்."

மன்னிக்கிற பெருந்தன்மை எனக்கு எப்போதுமே கிடையாது. சட்டப்படி, கடைக்காரர் மூலமாகவே அவர் ஊரான ஹூஸ்டனில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு அனுப்பினேன். துப்பாக்கி வந்ததும் ராமநாதனுக்குத் தகவல் சொல்ல எண் கேட்டார்கள். அவருடைய வீட்டு எண்ணைக் கொடுத்து, பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடச் சொன்னேன். அவர் ஆபீசிலும் அவர் மனைவி வீட்டிலும் இருக்கும் நேரம் அது.

"நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று துப்பாக்கி போய்ச் சேர்ந்த அன்று இரவு ராமநாதன் போனில் அலறினார். பின்னால் பாத்திரங்கள் உருண்டன. நான் சொல்லவே இல்லை, கடைதான் சொன்னது.

இப்போதெல்லாம் எந்த நண்பர் எதை விற்க வந்தாலும், "மாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.