முதல்வர் கண்டுபிடிக்க வேண்டிய வார்த்தை

"பழிவாங்கற புத்தி எங்க வம்சத்துலயே கெடையாது. எனக்குக் கோபம் வந்தா கையில இருக்கற காபி ஆறுறதுக்குள்ள போயிடும்!"

மினசோட்டா மாநிலத்து லிண்டால் ஊரில், தேவாலய ஆராதனை முடிந்து காபி குடிக்கும் மேசையில் இப்படி அடித்துச் சொன்னவர் ஆர்டிஸ் டாலஃப்சன். ஆறாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம் நடத்துகிற புண்ணியவதி.

அந்த ஜனவரியில், அவர் வினையடை நடத்திக்கொண்டிருந்தபோது பள்ளி முதல்வர் வெண்டல் குரூகர் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி உள்ளே வந்தார். கால்சட்டையை மேலே இழுத்துவிட்டு, தொண்டையைக் கனைத்தார்.

"இன்னுமா டீச்சர் இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க? மெதுவா, வேகமான்னு சொல்லித் தரவா சம்பளம்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மறுவாரமே ஆர்டிஸின் ஜன்னலோர வகுப்பறை முதல்வரின் கூட்ட அறையாயிற்று. ஆர்டிஸுக்குப் பள்ளியைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் பக்கத்து அறை. வெளியே ஏரி உறைந்து கிடக்க, உள்ளே பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வேர்த்து வழிந்தார்கள். கொதிகலன் 'டங்'கென்று அடிக்கும்போதெல்லாம் ஆர்டிஸுக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. வினையடையை மட்டும் விடாமல் நடத்தினார்.

வசந்தத்தில், பெற்றோரைப் பள்ளிக்கு அழைக்கும் மாலை நிகழ்ச்சி வந்தது. உருளைக்கிழங்கு வறுவல் போர்த்திய இறைச்சித் தட்டுகளோடு ஊரே உட்கார்ந்திருந்தது.

"எங்க வகுப்பு விளையாட்டு சார். நீங்க வெளிய நில்லுங்க. நாங்க ஒரு வினையடை வெச்சுக்குவோம். நீங்க என்ன வேலை சொன்னாலும் அந்த மாதிரியே செய்வோம். வார்த்தையை நீங்க கண்டுபிடிக்கணும்" என்றாள் மேரன் என்ற ஆறாம் வகுப்புச் சிறுமி.

"இதென்ன பிரமாதம்!" என்று முதல்வர் வெளியே போனார். மேரன் பலகையில் 'ஜம்பமாக' என்று எழுதி, ஊருக்குக் காட்டி, அழித்தாள். ஆர்டிஸ் செய்ததெல்லாம் சாக்பீஸ் கொடுத்ததுதான்.

திரும்பி வந்த முதல்வர், "ஜன்னலைச் சாத்தும்மா" என்றார்.

மேரன் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டாள். தொண்டையைக் கனைத்தாள். இல்லாத சாவிக்கொத்தைக் குலுக்கினாள். எல்லார் தலைக்கும் மேலே பார்த்தபடி நடந்துபோய், வரம் கொடுப்பதுபோல் ஜன்னலைச் சாத்தினாள். ஒரு தகப்பனார் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கம்பீரமா?"

"இல்ல சார்."

"பொறுப்பா?"

"ம்ஹூம்."

"அன்பா?"

பின்வரிசையில் யாருக்கோ புரையேறியது. முதல்வர் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டு, தொண்டையைக் கனைத்தார். கூடமே தலையைக் குனிந்துகொண்டது.

"சரி, தோத்துட்டேன். என்ன வார்த்தைன்னு சொல்லித் தொலைங்க டீச்சர்."

சொன்னால் அந்த நிமிஷமே முடிந்துவிடும். ஆர்டிஸ் தன் காபியை ஒரு வாய் குடித்தார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"என்ன சார் அவசரம்? கிட்ட வந்துட்டீங்க. மேரன், சாருக்காக இன்னொரு தடவை செய்யம்மா. மெதுவா."