அன்னபூர்ணி மாமி எடுத்த பெங்குவின்

மைசூர் அக்ரஹாரத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் சமையலுக்கு அன்னபூர்ணி மாமிதான். வயது ஐம்பத்தெட்டு. போன மார்ச்சில் நாங்கள் முப்பது பேர் தென்னாப்பிரிக்கா சுற்றுலா போனபோது, அந்த ஊர்ச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று டூர்க்காரர் மாமியையும் கூட்டி வந்தார். மாமியை ஏற்பாடு செய்து கொடுத்தது என் சிநேகிதி சுஷ்மா. "மாமி எங்காத்து மனுஷி" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள்.

கேப் டவுனுக்குப் பக்கத்தில் பெங்குவின்கள் வாழும் கடற்கரை ஒன்று இருக்கிறது. உள்ளே போக எங்களுக்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். மாமிக்கு ஏன் இல்லை என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவர் சாப்பாட்டு டப்பாக்களோடு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூட்டத்தில் முட்டி மோதி நாங்கள் எடுத்ததெல்லாம் அடுத்தவர் தொப்பியும் மண்டையும்தான்.

வேலிக்கு வெளியிலேயே ஒரு புதருக்கடியில் பெங்குவின் கூடு இருந்ததை மாமி கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்து, கூட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்தபோதும் அவர் மண்ணில் முட்டி போட்டு, போனைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"மாமி, சாப்பிட வாங்கோ" என்றேன்.

"செத்த இரு ஆண்டாள். இது கொழந்தைக்கு ஊட்டப் போறது."

கடலிலிருந்து நனைந்து வந்த பெங்குவின் கழுதை மாதிரி கத்திவிட்டு, குனிந்து வாயைத் திறந்ததாம். குஞ்சு அந்த வாய்க்குள் தலையையே விட்டதாம். மாமி அதை எடுத்துவிட்டார். பஸ்ஸில் அவர் அந்தப் படத்தைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுஷ்மா தனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

பிறகு நவராத்திரி வந்தது. சுஷ்மா வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் செய்ய மாமி மத்தியானமே போய்விட்டார். சாயங்காலம் கூடம் நிறையப் பெண்கள். கொலுப்படிக்குப் பக்கத்தில், பெரிதாகச் சட்டம் போட்டு அந்தப் பெங்குவின் படம். கீழே 'படம்: சுஷ்மா' என்று அச்சடித்திருந்தது.

"ஆன்ட்டி, நீங்களே எடுத்தீங்களா? சக்கத்தா, சூப்பரா இருக்கு" என்றாள் எதிர்வீட்டுத் தமிழ்ப்ரியா.

"ஒரு மணி நேரம் மண்ணுல முட்டி போட்டுண்டு இருந்தேன்டி. காலே மரத்துப்போச்சு" என்றாள் சுஷ்மா.

கொஞ்சமும் கூசவில்லை அவளுக்கு. படத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று மாமியின் முட்டிவலியையும் எடுத்துக்கொண்டாள்.

சுண்டல் தட்டோடு வந்த மாமி அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். கொலுவுக்கு வந்தவர்களில் சுற்றுலாவுக்குப் போய் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாமி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சுண்டலைப் பார்த்தேன்.

வாசலில் அவர் செருப்பை மாட்டும்போது பின்னால் ஓடினேன்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்புன்னு பேசாம இருந்துட்டேன் மாமி."

மாமி தன் போனை என் முன்னால் நீட்டினார். வெட்டாத முழுப் படம். முன்னால் பெங்குவினும் குஞ்சும். ஓரத்தில் பெஞ்சில், பெங்குவினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுஷ்மாவும் நானும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அவளுக்கு இதை வெட்டிட்டுத்தான் அனுப்பினேன். பொய் சொல்றது அவ கொணம்னு விட்டுடலாம். நீ கூடவே இருந்தவ. உன்னை நம்பித்தானே பார்த்தேன்?"

மாமி போய்விட்டார்.

மறுநாள் காலை எங்கள் டூர் வாட்ஸ்அப் குழுவில் அந்த முழுப் படம் வந்திருந்தது. 'பின்னால் சாப்பிடுவது சுஷ்மா, ஆண்டாள். படம் எடுத்தது, சாதம் கலந்தது அன்னபூர்ணி.' அதற்குக் கீழேயே, அன்னபூர்ணி வெளியேறினார் என்று காட்டியது.

சுஷ்மா உடனே போன் செய்தாள். "எல்லாரும் பார்த்துட்டா. மாமி தமாஷ் பண்றான்னு நீயாவது ஒரு வார்த்தை போடேன்."

போனை வைத்தேன். 'ஆமாம், மாமி எடுத்ததுதான். நான் பக்கத்திலேயே இருந்தேன்' என்று குழுவில் எழுதினேன். இருபத்தெட்டு பேர் படித்தார்கள். படிக்க வேண்டியவர் அதில் இல்லை.