பச்சையும் சிவப்பும் சேர்ந்து வந்தால்

“…ரெண்டும் சேந்தாப்புல தெரிஞ்சா கப்பல் நம்மளப் பாத்து நேரா வருதுன்னு அர்த்தம். அதெல்லாம் தெரியும் மச்சான். தெரிஞ்சுதான் போன தடவையும் கோட்டை விட்டேன்,” என்றான் என் மனைவியின் தம்பி, மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே.

கப்பலில் வேலை பார்ப்பவன். லீவில் போடிக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டான். ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை வளைவுகளில் ஜீப் ஓட்டுவான். மேல் பதவிக்கான வாய்மொழித் தேர்வு நாளை மறுநாள் சென்னையில். ராத்திரி ஒன்பது மணிக்குப் பஸ்சு. இந்தத் தடவையும் தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

கேட்டுக் கேட்டு நானும் பாதி மாலுமி ஆகியிருந்தேன். கப்பலின் வலது விலாவில் பச்சை விளக்கு, இடது விலாவில் சிவப்பு, பின்னால் வெள்ளை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடது பக்கத்தைப் பார்க்கிறோம். இரண்டும் தெரிந்தால் மூக்குக்கு நேரே வருகிறது. அப்போது இரண்டு கப்பலும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இங்கேதான் வினை. போன தேர்வில் மேஜைமேல் பொம்மைக் கப்பலை வைத்துத் திருப்பச் சொன்னார்களாம். இவன் வாய் வலது என்றது. கை இடதுக்கு ஒடித்தது. வளைவில் லோடு வண்டி எதிர்ப்பட்டால் ஜீப்பை ஒடிக்கிற அதே ஒடிப்பு.

“வாயால ஓட்டுனா நல்லாத்தான் ஓட்டுவான்,” என்பாள் என் மனைவி. இந்த மாதிரிப் பேச்சுக்காகவே அவளைக் கட்டினேன் என்று சொன்னால் அடிக்க வருவாள்.

அன்று அவளே கப்பலானாள். இரண்டு செல்போன் டார்ச்சுகளுக்கு மிட்டாய்த்தாள் சுற்றி, வலது கையில் பச்சை, இடது கையில் சிவப்பு. இருட்டிக்கொண்டு வந்தது. மாடியின் அந்தக் கோடியிலிருந்து அவள், இந்தக் கோடியிலிருந்து இவன். நடுவில் அவள் தன் வலப்பக்கம் விலகினாள், இவன் இடப்பக்கம். நெற்றியோடு நெற்றி.

“எரும! வலதுடா!”

“காலு தானாப் போகுதுக்கா.”

“அந்தக் காலை இங்கயே கழட்டி வச்சுட்டுப் போ.”

மறுபடி நடந்தார்கள். மறுபடி இடி. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மா எட்டிப் பார்த்தார். “என்ன ஆத்தா, அக்காளும் தம்பியும் கெடா மாதிரி முட்டிக்கிறீங்க?”

“கப்பல் ஓட்டுறோம் மதினி.”

“அடியாத்தி, போடியிலயா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கும் வெளிச்சம் தெரிந்தது. அவன் அதையே பார்த்து நின்றான். கை தானாக இடதுக்கு அசைந்தது.

ஏழாவதோ எட்டாவதோ தடவை, வலப்பக்கம் விலகினான். அவளுடைய சிவப்பு விளக்கு அவன் இடது தோளை உரசிக்கொண்டு போனது. திரும்பி வந்தார்கள், மறுபடியும் சரி. இன்னொரு தடவையும் சரி. பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது.

எட்டரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஜீப் சாவியை யாரிடமும் தராதவன், அதை என் உள்ளங்கையில் வைத்தான்.

“ஏன் மாப்ளே, நீ ஓட்டலையா?”

“வேணாம் மச்சான். இப்பத்தான் கை பழகிருக்கு. எதுக்க ஒரு ஆட்டோ வந்தாப் போதும், பழையபடி ஆயிரும். வெரசா எடுங்க.”

பிறகு பின்பக்கம் ஏறி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.