வீட்டுக்குள் வளர்ந்த புற்று

எங்கள் வீட்டு உத்தரத்தைத் தச்சர் உளிப்பிடியால் தட்டியபோது ‘பொத்’ என்றது. உளி முனையை வைத்து லேசாக அழுத்தினார். பொலபொலவென்று மண் கொட்டியது. மரம் இருக்க வேண்டிய இடத்தில் மண்! அந்த உத்தரத்தில்தான் என் எட்டு மாதப் பிள்ளையின் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எக்கா, முதல்ல தொட்டில அவுருங்க” என்றார் தச்சர். “மரத்த மாத்திப்புடலாம். ஆனா மூலையில இருக்க அந்தப் புத்த எடுக்காம எத்தன மரம் மாத்துனாலும் கரையான் திங்கத்தான் செய்யும்.”

எடுப்பதற்கு என் வீட்டுக்காரர் விட வேண்டுமே!

எங்கள் சங்கரன்கோவிலில் புற்றைக் கரையான் கட்டியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அம்மன் என்பார்கள். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசுவோம். மேலுக்கு முடியவில்லை என்றால் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வோம். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் கிடந்து, அந்த மண்ணைத் தின்றுதான் மகள் பிறந்தாள் என்பது அவர் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுதான், பொய் சொல்லக் கூடாது. பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் வீட்டு மூலையிலேயே புற்று கிளம்பியதும் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “நம்மளத் தேடி அம்மா வீட்டுக்கே வந்துட்டா” என்று மஞ்சள் பூசினார், பொட்டு வைத்தார், வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றினார். புற்று முழங்கால் உயரம் வந்தது. அங்கிருந்து சுவரில் மண்கோடு ஏறி உத்தரத்தைத் தொட்டது.

தச்சர் சொன்னதை அன்று அவரிடம் சொன்னேன். “கூர பிள்ள மேல விழுந்தா அம்மாவா வந்து தாங்குவா?” என்றும் கேட்டுவிட்டேன்.

“வாயக் கழுவுட்டி! குடுத்தவளுக்குக் காப்பாத்தத் தெரியாதா?” என்றார்.

தொட்டிலை அவிழ்த்துவிட்டேன். ஆனால் இருந்தது ஒரே அறை. பிள்ளையை எங்கே கிடத்தினாலும் தலைக்கு மேல் அந்த உத்தரம்தான். அடிக்கடி அவள் முகத்தில் மண் உதிரும். துடைத்துவிட்டு மேலே பார்ப்பேன். சோறு பொங்கும்போதும் காது உத்தரத்தில்தான் இருக்கும். ஓடு லேசாக நெறுக்கென்றால் போதும், கரண்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்க ஓடுவேன். பத்து நாள் அப்படி ஓடினேன். பயந்து பயந்து பால்கூடச் சரியாக ஊறவில்லை.

இளையரசனேந்தலிலிருந்து என் அண்ணன் வந்தபோது அழுதுவிட்டேன். அவன் அடுத்த முறை வரும்போது பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஒரு பாட்டில் கொண்டு வந்தான். “பச்சப்பிள்ள இருக்க வீடு, பாத்து ஊத்து” என்று ஆயிரம் முறை சொன்னான்.

புதன்கிழமை அவர் தறிக்கூடத்துக்குப் போனதும் புற்றின் கண்களில் பாட்டிலைக் கவிழ்த்தேன். “அம்மா, தப்பா நெனச்சுக்கிடாத. எம்பிள்ளைக்குத்தான்” என்று சொல்லிச் சொல்லி ஊற்றினேன். கண்களை ஈரமண் வைத்து அடைத்தேன், புதிதாக மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். வந்தவர் என்ன நாற்றம் என்று கேட்டார். மூட்டைப்பூச்சிக்குக் கட்டிலில் மருந்து தெளித்ததாகப் புளுகினேன். இன்றைக்கும் இந்தப் பேச்சை எடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. தந்தவளே திருப்பி எடுத்துக்கொள்ள வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டேன். நான் பின்னால் துணி அலசப் போனேன். நாலு துணிதான் அலசியிருப்பேன். உள்ளே வந்தால் அவர் மடியில் பிள்ளை. கையில் பால் புகட்டும் சங்கு. சங்கில் கலங்கல் தண்ணீர். புற்றில் ஒரு ஓரம் சுரண்டியிருந்தது.

“கோயில் மண்ணு தீந்துபோச்சு. அதான் நம்ம அம்மாகிட்டயே எடுத்தேன். ஒரு வாய்தான் குடிச்சா” என்றார்.

அடிப்பாவி! இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், புற்றைக் கண்டால் வாயில் போடுவார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? சங்கைத் தட்டிவிட்டேன். பிள்ளையைப் பறித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். “காச்சலுக்கு ஏம்ட்டி இப்படி ஓடுத?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். பிள்ளை வாயோரம் நுரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடினேன்.

“என்ன குடுத்தீங்க?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“புத்துமண்ணுதான் சார்” என்றார் இவர்.

டாக்டரும் இந்த ஊர்க்காரர்தான். “அது ஒண்ணும் செய்யாது” என்று சிரித்துவிட்டுக் காய்ச்சல் பார்க்கும் குழாயை எடுத்தார்.

“அதுல பருத்தி மருந்து ஊத்தியிருக்கேன்!” என்று கத்தினேன்.

டாக்டர் பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளிப் பெஞ்சில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். ஒன்றுமே செய்யவில்லை. இனி ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டார் என்று நினைத்தேன். உள்ளே குழாய் விட்டுப் பிள்ளையின் வயிற்றைக் கழுவினார்கள். அவள் சத்தமே வரவில்லை. அம்மனிடம் என்னென்னவோ கெஞ்சினேன், என் உயிரை எடுத்துக்கொள் என்றேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். பிள்ளை வீலென்று அழுதாள். அது பசி அழுகை, எனக்குத் தெரியும். “பயமில்ல, பால் குடும்மா” என்று டாக்டர் அவளை என் கையில் தந்தார். தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கு ஓடினேன்.

“பிள்ள அழுதுட்டாங்க, பிழச்சுட்டா!”

அவர் பிள்ளையின் காலைத் தொட்டார். அவர் கை உதறிக்கொண்டிருந்தது. சட்டை முழுக்க வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

“டாக்டரக் கூப்பிடு” என்றார். “பிள்ளைக்குக் குடுக்க முன்னால நானும் ஒரு சிட்டிக வாயில போட்டேன்.”

“ஐயோ, அப்பவே சொல்லதுக்கென்ன?”

“இங்க இருக்கது ஒரு டாக்டர்தானட்டி” என்றார்.