படத்தில் ஒரு முழங்கை

ஜப்பானிய அனிமேஷன் படம் ஒன்றில் நம் நிறத்தில் ஒரு பெண் வந்துவிட்டாள் என்பதற்காக ஒரு மனுஷி இப்படிக் கூத்தாடலாமா? நான் ஆடினேன். யாங்கோனின் பசுந்தாங் பகுதியில், எங்கள் மாடி வீட்டின் தரை அதிர்ந்து, கீழ்வீட்டார் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டும் அளவுக்கு ஆடினேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என்னோடு கடையில் வேலை செய்யும் பர்மியத் தோழி தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் கதை; அவள் முன்பே பார்த்து அழுத படம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வலது முழங்கையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஞாயிறுதோறும் நடக்கும் சடங்கு இது. முழங்கை வெளுத்ததுமில்லை, அம்மா விட்டதுமில்லை.

படத்தில் வகுப்பறைக் கதவு திறந்து புதிய மாணவி உள்ளே வந்தாள். எங்கள் நிறம். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. கரும்பலகையில் பெயர் எழுதக் கையைத் தூக்கினாள். கையைவிட முழங்கை இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

ஜப்பானில் யாரோ ஒருவர் மேசையில் குனிந்து உட்கார்ந்து, இந்த முழங்கைக்கென்றே தனியாக ஒரு வண்ணம் தேடியிருக்கிறார். அதை நினைத்ததும்தான் எழுந்து ஆடினேன்.

ஆடி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. சார்ஜ் நிற்காத லேப்டாப்பும் கூடவே அணைந்தது.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் பார்த்த படங்களில் நம் நிறத்தில் ஒருத்தி வந்தால் சிரிப்பு மூட்டிவிட்டு ஓடிப்போவாள், அல்லது கூட்டத்தில் நின்று கைதட்டுவாள். இவளும் அப்படித்தானா? கடைசிவரை இருப்பாளா என்பதை மட்டும் சொல் என்று தோழியிடம் பர்மிய மொழியில் கெஞ்சினேன், மிரட்டினேன், அவள் இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டினேன். அவள் உதட்டைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியே எறிவதுபோல் நடித்தாள்.

"இருக்க மாட்டாடி," என்றார் அம்மா, லப்பெத்தோவுக்கு ஊறிய தேயிலையையும் வறுத்த பருப்பையும் பிசைந்துகொண்டே. "ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருவா. நம்மள எவன் கடைசி வரைக்கும் வச்சிருக்கான்?"

இருட்டத் தொடங்கியபோது தெருவே "மீலாபி" என்று கத்தியது. கரண்ட் வந்தால் யாங்கோன் பிள்ளைகள் போடும் கூச்சல் அது. அன்று அவர்களைவிட நான்தான் பலமாகக் கத்தினேன்.

அவள் இருந்தாள். வகுப்பில் தூங்கினாள், கணக்கில் கோட்டை விட்டாள், வகுப்புத் தோழியோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். நீ எந்த ஊர், ஏன் இங்கே வந்தாய் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கேயே கிடக்கும் எங்களை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேட்கும் கேள்வி அது. இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

பிறகு அவள் ஒரு பையனிடம் மனதைச் சொன்னாள். தனக்கு வேறொருத்தியைப் பிடித்திருக்கிறது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குள் புதைத்து அழுதாள். அந்த முழங்கை திரையில் பெரிதாகத் தெரிந்தது.

மறுபடி என் முழங்கையைத் தேய்க்கத் தொடங்கியிருந்த அம்மாவின் கை நின்றது.

"அவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று திரையோடு சண்டைக்குப் போனார். "இவளுக்கு என்ன கொறச்சல்? எவ்வளவு லச்சணமா இருக்கா எம்புள்ள."

தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கியது. அம்மா கையிலிருந்த மூடியைப் பார்த்தார், என் முழங்கையைப் பார்த்தார். எழுந்து போய் அதைக் குப்பையில் போட்டார். பிறகு, என் இடது கைக்கென்று எடுத்து வைத்திருந்த மறுபாதியை லப்பெத்தோவில் பிழிந்து, தட்டை எங்கள் முன் நகர்த்தினார்.