மட்டன் சாப்பிட்டுவிட்டுக் கடாரம் போனோம்

துறைமுக ஊரான கிள்ளானில் இருக்கிறவர்களுக்குக் கடல் பக்கம்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் கடலில் கப்பல்கள்தான் குளிக்கும். மனிதர்கள் குளிக்கிற கடல் வேண்டும் என்று என் மனைவி கேட்டு இரண்டு வருடமாகிறது. எனக்கோ கடாரம். சோழர்கள் வென்றதாக நாம் மேடைக்கு மேடை முழங்குகிற, கெடா மாநிலத்துக் கடாரம். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் அதைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் வாங்கிப் படித்து, இருபது வருடமாக அவளிடம் பேசி வந்திருக்கிறேன். போனதில்லை. நேரில் பார்க்காத இடம் என்றால் எனக்குப் பேச்சு சரளமாக வரும்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். பினாங்கில் மூன்று நாள் கடற்கரை; நடுவில் ஒரு பகல் மட்டும் கடாரத்தின் மிச்சமான பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில் இடிபாடுகள். அந்தக் கல்மேல் அவள் என்னோடு ஒருமுறை நின்றால் போதும் என்றிருந்தது எனக்கு.

முதல் நாள் முழுக்க மழை. கடலை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இரண்டாம் நாள் காலை நாசி கண்டார் கடையில் நானே வரிசையில் நின்று, சோற்றில் மட்டன் குழம்பை வழிய வழிய ஊற்றி வாங்கி வந்தேன். வரலாற்றைப் பார்க்க வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்ற பெருந்தன்மை.

மலையடிவாரத்தில், ஓடைக்கு அருகே அந்தக் கல் மேடை. கூரை இல்லை, சிலை இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு படியேறித் திரும்பினால், அவள் கீழேயே நிற்கிறாள்.

"நான் வரலைங்க. காலையில மட்டன் சாப்பிட்டேன்."

"இது இடிஞ்ச கோயில் லா. உள்ள சாமியே இல்ல."

"யாரு சொன்னா?"

"சிலையெல்லாம் எப்பவோ போயாச்சு."

"சிலை போச்சு. சாமி போச்சுன்னு உங்க புக்குல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. நான் படித்த அத்தனை ஆய்வாளர்களும் அந்த இடத்தில் கோட்டை விட்டிருந்தார்கள்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் மேடையிலிருந்து, ஒரே ஒரு வாக்காளர் வந்த தேர்தல் கூட்டத்தில் பேசுவது போல, கத்திக் கத்தி விளக்கினேன். அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் அவளிடம் கேட்டாள்: "அக்கா, அந்த அங்கிள் கைடா?"

"இல்லம்மா, வீட்டுக்காரர். சும்மாவே பேசுவார்."

திரும்பும் வழியில் நான் சாலையை முறைத்துக்கொண்டே ஓட்டினேன். பினாங்குப் பாலத்தில் ஏறியபோது அவளே ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலையில திரும்ப அங்க போவோம். தலைக்குக் குளிச்சிட்டு வரேன்."

நாளைக் காலைதான் அவளுக்கு மிச்சமிருந்த கடல். மதியம் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"அப்ப கடல்?"

"கடல் எங்க போகுது? நீங்கதான் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க."

மறுநாள் வெயில் அடித்தது. கடல் தட்டில் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. அவள் ஈரத் தலையோடு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள். வழியில் தோசைக் கடையில் மீன் குழம்பை நோக்கிப் போன என் கை, அவள் பார்த்த பார்வையில் சட்னிக்குத் திரும்பியது.

படியருகே செருப்பைக் கழற்றினாள். என் சப்பாத்தைப் பார்த்தாள். நானும் கழற்றினேன். கல் சில்லென்றிருந்தது.

"இங்க என்ன சாமி?"

"சிவன்னு சொல்றாங்க. இல்லன்னும் சிலர்..."

"இருபது வருஷமா படிக்கிறீங்க."

மூன்று சுற்று சுற்றினாள். தயாராக வைத்திருந்த சொற்பொழிவோடு நானும் பின்னால் சுற்றினேன். பிறகு குனிந்து, கல்லில் வெட்டியிருந்த குறுகலான கால்வாய் ஒன்றைத் தடவினாள்.

"அபிஷேகத் தண்ணி போற வழிங்க."

கப்பல், இரும்பு, வணிகம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தவனுக்கு அது கண்ணில் படவே இல்லை. குடிக்க வைத்திருந்த போத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் ஒரு காய்ந்த இலையில் தடுக்கி நின்றது. விரலால் இலையைத் தள்ளிவிட்டாள். ஓடிப்போய் விளிம்பில் சொட்டியது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போதே கிளம்பினால் கடலில் காலையாவது நனைக்கலாம் என்றேன்.

"இருங்க," என்று உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படி ஒரு இடம் இருக்குன்னு ஏங்க என்கிட்ட சொல்லவே இல்ல?"

சொல்லியிருக்க வேண்டும்தான் என்றேன்.